கிழிந்த தூளித் துணியும் ஆன்லைன் ஆக்டோபஸும்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 9 மாதம். ஜூனில் பிரி-கேஜி சேர்த்தோம். கோபம் வந்தால் தரையில் விழுந்து கத்துகிறாள், கையில் கிடைத்ததை எறிகிறாள். தூளி கட்டிய என் பழைய காட்டன் சேலையில் கிழிந்த ஒரு துண்டுக்கு ‘தூளா’ என்று பேர் வைத்து, போகிற இடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிகிறாள். மாமியார் “அசிங்கம், கெட்ட பழக்கம், தூக்கிப் போடு” என்கிறார். குழந்தைகள் தங்கள் உணர்ச்சிகளைச் சமாளிக்க உதவும் பொம்மைகள் என்று ஆன்லைனில் நிறைய வருகின்றன. திருப்பினால் முகம் மாறும் ஆக்டோபஸ், மூச்சு விடும் கரடி, எடை வைத்த நாய்க்குட்டி. எதை வாங்கலாம்? துணியை எப்படி நிறுத்துவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். துணியை நிறுத்தவும் வேண்டாம். ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து நீங்கள் வாங்கப் பார்க்கிற பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் மகள் அதைத் தானே தேர்ந்தெடுத்து, பேரும் வைத்துவிட்டாள். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை. அதற்கும் பின்னால் வருகிறேன்.

முதலில், இந்தத் துணி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். டொனால்ட் வினிகாட் என்று ஒரு ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். குழந்தைகள் போர்வை முனையையும் பழைய துணியையும் கரடி பொம்மையையும் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதைப் பற்றி 1951-இல் ஒரு கட்டுரை வாசித்தார், 1953-இல் அது அச்சானது. இந்தத் துறையில் இன்றைக்கும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சொன்னதன் சாரம் இது. கைக்குழந்தைக்கு ஆரம்பத்தில் தான் வேறு, அம்மா வேறு என்ற கணக்கு கிடையாது. மெல்ல மெல்ல அம்மா தனி ஆள், எழுந்து போகிறாள், கூப்பிட்ட நொடியில் வருவதில்லை என்று புரிய ஆரம்பிக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டக் குழந்தைக்கு ஏதோ ஒன்று வேண்டும். பாதி அம்மா, பாதி வெளியுலகம் என்று இருக்கிற ஒரு பொருள். 4 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் இந்த ஒட்டுதல் தொடங்குகிறது என்றார்.

அவர் கவனித்த இன்னொன்று, நம் வீட்டுச் சண்டைக்கு நேராகப் பொருந்தும். அந்தப் பொருளின் வாசமும் தொடு உணர்வும் மாறக்கூடாது. மாற்றினால் குழந்தைதான் மாற்ற வேண்டும், பெரியவர்கள் அல்ல. துவைத்துவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்து, குழந்தைக்கு அந்தப் பொருளின் அர்த்தமே போய்விடலாம் என்று எழுதியிருக்கிறார். உங்கள் மாமியார் அசிங்கம் என்று சொல்லும் அதே அழுக்கு வாசம்தான் குழந்தைக்கு மருந்து. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை, தன் அம்மாவின் பால் பட்ட துணியையும் வேறொரு தாயின் துணியையும் இரண்டு பக்கமும் வைத்தால் அம்மாவின் துணிப் பக்கம் அதிக நேரம் முகத்தைத் திருப்புகிறது என்று 1975-இல் மக்ஃபார்லேன் என்பவர் காட்டினார். வாசம் அவ்வளவு சீக்கிரம் வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

மென்மையான துணிக்கு என்ன அப்படி ஒரு சக்தி? இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டிகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி, அதில்தான் பால் புட்டி. மற்றொன்று துண்டுத் துணி சுற்றியது, பால் இல்லை. குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பியிடம் போயின. மிச்ச நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. 1958-இல் இதைப் பற்றி அவர் பேசிய உரை பிரபலம். அந்தச் சோதனைகளில் குட்டிகளைப் பயமுறுத்தப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று, சாவி கொடுத்தால் மேளம் அடித்துக்கொண்டு நடக்கும் கரடி பொம்மை. ஆறுதல் பொம்மை என்று இன்று நாம் விற்கிற அதே கரடி! குட்டி அலறி ஓடி துணித் தாயை அணைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் உடம்பைத் தேய்த்துக்கொண்டபின், திரும்பி அந்தக் கரடியை வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கும்.

ஆறுதல் பொருளின் வேலை முழுக்க இந்த ஒரு காட்சியில் இருக்கிறது: பயத்தை ஒழிப்பதல்ல, பயந்ததைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உடம்பை அடக்கித் தருவது. ஆனால் ஹார்லோவின் கதையில் பலர் சொல்லாமல் விடும் பாதியும் உண்டு. துணித் தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிகள் பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல், தமக்குப் பிறந்த குட்டிகளையே கவனிக்காமல் போயின. சோதனைகளும் கொடூரமானவை, அந்தக் காலத்திலேயே கண்டனம் வந்தது. எனவே துணி ஆறுதல் தரும், துணி தாயாகாது. ஆன்லைன் விளம்பரங்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் விழுங்கிவிடுகின்றன. ‘குழந்தை தானாகவே அமைதியாகும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்’ என்பதுதான் அவை மறைமுகமாகச் சொல்வது.

குழந்தைகளை வைத்தே செய்த ஆய்வுகளும் உண்டு. 1975-இல் பாஸ்மன், வைஸ்பெர்க் என்ற இருவர், சிறு பிள்ளைகளைப் பழக்கமில்லாத ஒரு அறையில் விளையாட விட்டார்கள். சிலருக்கு அம்மா உடன் இருந்தார், சிலருக்குத் தங்கள் போர்வை, சிலருக்குப் பிடித்த வேறு பொம்மை, சிலருக்கு எதுவுமில்லை. ஏற்கெனவே போர்வையோடு ஒட்டுதல் உள்ள பிள்ளைகள், போர்வை இருந்தால் அம்மா இருந்தபோது விளையாடிய அளவுக்கே விளையாடினார்கள். ஒட்டுதல் இல்லாத பிள்ளைகளுக்கு அதே மாதிரிப் போர்வை எந்த உதவியும் செய்யவில்லை. 2000-இல் இதே பாஸ்மன் மற்றவர்களோடு சேர்ந்து, 3 வயதுப் பிள்ளைகள் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார். போர்வைப் பிள்ளைகளுக்கு, போர்வை தந்த ஆறுதல் அம்மா உடன் இருந்த ஆறுதலுக்குச் சமமாக இருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? சக்தி பொருளில் இல்லை. அந்தப் பொருளில் பல மாதம் ஊறிய உறவில் இருக்கிறது. கடையிலிருந்து வருகிற எந்தப் பொம்மையும் வெறுமையாகத்தான் வருகிறது. அதில் உங்கள் மடியும் உங்கள் குரலும் சேர்ந்தபிறகுதான் அது ஆறுதல் பொம்மை ஆகும். ‘உணர்ச்சிப் பொம்மை வாங்கினேன், ஒரு நாள் விளையாடிவிட்டு மூலையில் போட்டுவிட்டான்’ என்று பெற்றோர் சொல்லக் கேட்டால் எனக்கு ஆச்சரியமே வருவதில்லை.

பொருளும் ‘அதே பொருளாக’ இருக்க வேண்டும். புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம், எந்தப் பொருளை வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று செய்து தரும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள் (உண்மையில் அது வெறும் விளக்குகள் வைத்த பெட்டிதான்). சாதாரணப் பொம்மை என்றால் பிள்ளைகள் நகலைக் குஷியாக எடுத்துக்கொண்டார்கள். இரவில் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால், சில பிள்ளைகள் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களிலும் பெரும்பாலோர் அசல்தான் வேண்டும் என்றார்கள். ‘இதே கலரில் புதுசு வாங்கித் தரேன்’ என்று நாம் பேரம் பேசினால் ஏன் வீடு ரெண்டாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, இப்போது மாமியார் விஷயம். “எங்க காலத்துல எந்தப் பிள்ளை துணியைத் தூக்கிட்டு அலைஞ்சது?” என்று அவர் கேட்டிருப்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1970-இல் இத்தாலியில் கடீனி தம்பதியர் கணக்கெடுத்தபோது, கிராமப்புறத்தில் 100 பிள்ளைகளுக்கு 5 பேர் அளவில்தான் இப்படி ஒரு பொருளோடு ஒட்டியிருந்தார்கள். ரோம் நகரத்தில் 31 பேர். 2003-இல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டில் டோக்கியோவில் 38, நியூயார்க்கில் 62. அம்மாவோடு ஒட்டிப் படுத்துத் தூங்குகிற, கேட்கும்போதெல்லாம் பால் கிடைக்கிற வீடுகளில் பொருளின் தேவை குறைகிறது. தனி அறையில், தனிக் கட்டிலில் தூங்க வைக்கும் ஊர்களில் கூடுகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே பாயில், ஒரே கட்டிலில்தான் எல்லோரும் படுக்கிறோம். அதனால் நம் பிள்ளைகள் பலருக்கு ஆறுதல் பொருள் அம்மாவின் உடம்புதான். காது மடலைத் தடவாமல் தூங்காத பையன், தாலிச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொள்ளும் பெண், பாட்டியின் தொங்கு சதையைப் பிசைந்துகொண்டே கண் மூடும் பேரன் இல்லாத தெரு உண்டா? உங்கள் மாமியார் வளர்த்த பிள்ளைகளுக்கும் அப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கும். அது கழுத்தோடும் காதோடும் இருந்ததால் ‘பழக்கம்’ என்று யார் கண்ணிலும் படவில்லை. அவரிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கணவர் சின்ன வயதில் எதைப் பிடித்துக்கொண்டு தூங்கினார் என்று. வாக்குவாதம் செய்வதைவிட இது பலமடங்கு வேலை செய்யும்.

அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் வித்தியாசம், பிரிவு சீக்கிரம் வருகிறது. தனியார் வேலையில் உள்ள அம்மாவுக்கு 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம் விடுப்பு. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு. விடுப்பு முடிகிற நேரமும் வினிகாட் சொன்ன அந்த 4–12 மாதமும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். அப்புறம் இரண்டரை வயதில் வேன், யூனிபார்ம், பிரி-கேஜி. காது மடலைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. துணியை அனுப்பலாம்.

இனி கோபத்துக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பொட்டேகலும் உடன் இருந்தவர்களும் ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் ஆர்ப்பாட்டங்களைப் பெற்றோர் சொல்லக் கேட்டு, நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்த்து 2003-இல் வெளியிட்டார்கள். நாலில் மூன்று பங்கு ஆர்ப்பாட்டம் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. (நமக்கு அது ஐம்பது நிமிடம் மாதிரி இருக்கும்.) முக்கியமான விஷயம், அதற்குள் இரண்டு உணர்ச்சிகள் ஓடுகின்றன. கத்துவது, உதைப்பது, எறிவது எல்லாம் கோபம். அது தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அழுகையும் சிணுங்கலும் துக்கம். அது ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே ஓடுகிறது. கோபம் வடிந்தபின்தான் பிள்ளை ஆறுதல் தேடி ஆளிடம் வருகிறது.

இது தெரியாமல்தான் நாம் பெரும்பாலும் நேரம் தவறுகிறோம். உச்சத்தில் பொம்மையை நீட்டினால் அது பறக்கும். துணியை நீட்டினால் அதுவும் பறக்கும். அந்த ஓரிரு நிமிடம் செய்ய வேண்டியது, அடிபடாமல் பார்த்துக்கொள்வது, பக்கத்தில் உட்கார்வது, வாயை மூடிக்கொள்வது. கேள்வி கேட்காதீர்கள். ‘ஏன் கத்துறே, என்ன வேணும், சொல்லு’ என்ற ஒவ்வொரு கேள்வியும் நெருப்பில் எண்ணெய். அந்த நேரத்தில் மூளையில் யோசித்துப் பதில் சொல்லும் பகுதிக்கு வேலை இல்லை. இரண்டே முக்கால் வயதில் அந்தப் பகுதி வளர ஆரம்பித்த நிலையில்தான் இருக்கிறது. கத்தல் உடைந்து விம்மலாக மாறும் ஒரு கணம் வரும். கொஞ்சம் கவனித்தால் உங்களுக்கே காதில் பிடிபடும். அப்போது கையை விரியுங்கள், மடியில் தூளா இருக்கட்டும். அவளே வருவாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் போதும்: “பொம்மையை அவன் பிடுங்கிட்டான்னு உனக்கு ரொம்பக் கோபம் வந்துடுச்சு.” நீதி உபதேசம் அன்றைக்கு வேண்டாம்.

இன்னொன்று: ஆர்ப்பாட்டம் இல்லாத நேரத்தில்தான் ஆறுதல் பொருள் சம்பாதிக்கிறது, ஆர்ப்பாட்டத்தில் செலவழிக்கிறது. கதை சொல்லும்போது, எண்ணெய் தேய்த்துவிட்டுத் தலை துவட்டும்போது, தூங்க வைக்கும்போது அது அவள் கையில் இருக்க வேண்டும். அழும்போது மட்டும் எடுத்துக் கொடுக்கிற பொம்மை, சீக்கிரத்தில் ‘வாயை மூடு’ என்பதற்கான அடையாளம் ஆகிவிடும்.

துணியைப் பிணையாக வைக்காதீர்கள். ‘சாப்பிடலைன்னா தூளாவைக் காக்காகிட்ட போட்டுருவேன்’ என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பாட்டி, தாத்தா, மாமா எல்லோரும் விளையாட்டாகச் சொல்வார்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. ஆபத்து நேரத்தில் ஓடிப்போய் ஒளிகிற இடத்தையே எரிப்பேன் என்று மிரட்டுவது அது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆன்லைன் பொம்மைகள் எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. திருப்பினால் முகம் மாறும் ஆக்டோபஸ் பேச வராத நேரத்தில் உதவும். நாலு, ஐந்து வயதுப் பிள்ளை வாயைத் திறக்காமல் கடுகடு முகத்தைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போகும். அதுவே ஒரு பேச்சு. ஆனால் இரண்டே இரண்டு முகம், சிரிப்பு அல்லது கடுகடு. பயமும் பொறாமையும் வெட்கமும் எங்கே போகும்? அதோடு, கடுகடு முகத்தைப் பார்த்ததும் ‘சிரிக்கிற பக்கம் திருப்பு’ என்று சொல்லாத பெரியவர்கள் அபூர்வம். உங்கள் மகள் வயதில் அதைச் சும்மா திருப்பித் திருப்பி விளையாடுவாள், அவ்வளவுதான்.

மூச்சுக் கரடியின் தத்துவம் நல்லது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் இதற்குக் கரடி எதற்கு? மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் ஏதாவது ஒரு சின்னப் பொம்மையை வைத்து, ‘அதைத் தூங்க வைப்போம், மெல்ல மேலே, மெல்லக் கீழே’ என்று விளையாடுங்கள். சோப்பு நுரை ஊதுவதும் இதே வேலையைச் செய்யும். மூன்று வயதுக்குக் கீழே ‘ஆழமா மூச்சு விடு’ என்று சொன்னால் புரியாது, ‘ஊது’ என்றால் புரியும்.

எடை வைத்த பொம்மைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எடைப் போர்வைகளை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் சோதித்து 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. தூக்கம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. பிடித்திருப்பதும் ஒரு பயன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாக்குறுதி வேறு. கைக்குழந்தைக்கு எடை வைத்த எதுவும் கூடவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்னால் தவிர வாங்க வேண்டாம். 2017-இல் ஊரெல்லாம் சுற்றிய, விரலில் வைத்துச் சுழற்றும் ஸ்பின்னர் பொம்மையின் கதை உங்களுக்கே தெரியும். கவனத்தைக் கூட்டும் என்று விற்றார்கள், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கவனமும் ஸ்பின்னர் மேல்தான் இருந்தது.

வாங்கியே தீர வேண்டும் என்றால் நான் பார்க்கச் சொல்லும் மாதிரி வேறு. 2006 லெபனான் போரின்போது வடக்கு இஸ்ரேலில் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்த சின்னப் பிள்ளைகளிடம், அவி சாதே என்ற டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியலாளரும் குழுவினரும் ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். ஹிபுக்கி என்று பெயர். சோகமான முகம், நீளமான கைகள், கைகளைப் பிள்ளையின் கழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். கொடுக்கும்போது ‘இது உன்னைப் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லவில்லை. ‘இந்த நாய்க்குட்டி எப்பவும் சந்தோஷமா இருக்கும், இப்போ பாவம் சோகமா இருக்கு. வீட்டை விட்டு ரொம்ப தூரம் வந்துடுச்சு. நண்பர்கள் இல்லை. நீ பார்த்துக்கிறியா?’ என்ற மாதிரிதான் கேட்டார்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிள்ளைக்கு. பயம், தூக்கமின்மை, ஒட்டிக்கொண்டே இருப்பது போன்ற அறிகுறிகள் குறைந்தன. நாய்க்குட்டியோடு அதிகம் ஒட்டிய பிள்ளைகளுக்கு அதிகம் குறைந்தன என்று 2008-இல் எழுதினார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானுக்கும், போர் தொடங்கியபின் உக்ரைனுக்கும் அந்த நாய்க்குட்டி போனது.

இதிலுள்ள சூட்சுமம் காசு கொடுத்து வாங்கக்கூடியது இல்லை. பயந்த பிள்ளையிடம் ‘நீ பயப்படாதே’ என்று சொல்வதற்குப் பதில், அதைவிடப் பயந்த ஒன்றை அதன் கையில் கொடுப்பது. நம் ஊரில் ஊசி போட்டு வந்த பிள்ளை, அன்று மாலையே மரப்பாச்சிக்கும் துணி பொம்மைக்கும் குச்சியால் ஊசி போட்டு ‘வலிக்காது, வலிக்காது’ என்று சொல்வதும் இதுதான். அப்படி விளையாடும்போது ‘பாவம், பொம்மையைக் குத்தாதே’ என்று நிறுத்தாதீர்கள். பள்ளி விஷயத்திலும் செய்து பாருங்கள். ‘இன்னைக்குத் தூளாவுக்கு ஸ்கூல் போகப் பயமா இருக்காம், என்ன சொல்லலாம்?’ என்று அவளிடம் கேளுங்கள். அவள் தூளாவுக்குச் சொல்லும் பதிலில் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதும் வந்துவிடும், நேராகக் கேட்டால் வராது.

போன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நம் வீடுகளில் உண்மையான ஆறுதல் பொம்மை அதுதான். அழுதால் யூடியூப். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்து, 2022 டிசம்பரில் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், அழுகையை அடக்க அடிக்கடி சாதனம் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம், பிறகு உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியது தெரிந்தது. துணியும் போனும் இரண்டும் அழுகையை நிறுத்தும். துணியைப் பிடித்திருக்கும் பிள்ளை தன் துக்கத்தோடு இருந்து, அது வடிவதை அனுபவித்து வெளியே வருகிறது. போன் அந்த அனுபவத்தையே தள்ளிப் போடுகிறது. பஸ்ஸில், கல்யாண வீட்டில் எப்போதாவது கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. தினமும் அதுவே வழி என்றால் யோசியுங்கள்.

பாதுகாப்பு. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் துணி பொம்மை, தலையணை, தளர்வான துணி எதுவும் வேண்டாம், மூச்சு முட்டும். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆனாலும் துணி நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக வெட்டிவிடுங்கள். அவளிடம் சொல்லிவிட்டு, அவள் கண் முன்னால். பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பொத்தான் கண், ஒட்டிய மூக்கு வேண்டாம், நூலில் தைத்த முகம்தான் நல்லது. பாட்டுப் பாடும், விளக்கு எரியும் பொம்மையில் காசு வடிவ பேட்டரி இருந்தால் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பிசையும் பந்துகள் சிலவற்றுக்குள் தண்ணீரில் ஊதும் ஜெல்லி மணிகள் இருக்கும். பந்து கிழிந்து மணி வயிற்றுக்குள் போனால் குடலில் ஊதி அடைத்துவிடும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் அதை விடவே வேண்டாம்.

தூளாவைத் துவைக்கவே கூடாதா என்றால், துவைக்கலாம். தமிழ்நாட்டு வெயிலில், வியர்வையில், எச்சிலில் வேறு வழியில்லை. வாசனை சோப்பும் கம்போர்ட்டும் போடாமல், வீட்டில் எப்போதும் போடும் சோப்பில் அலசி, காய்ந்ததும் ஒரு ராத்திரி உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக் கொடுங்கள். அவளையே வாளியில் முக்கச் சொல்லலாம், கொடியில் காயப்போட உடன் நிற்கச் சொல்லலாம். காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பாள். மிச்சச் சேலை வீட்டில் இருந்தால் இப்போதே இன்னொரு துண்டைப் படுக்கையில் கலந்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்க விடுங்கள். ரயிலில் தொலைந்த நாளன்று புதுத் துண்டை நீட்டினால் ஹுட்–புளூம் பிள்ளைகள் மாதிரிதான் முகத்தைத் திருப்புவாள்.

பள்ளியில் ‘வீட்டுப் பொருள் அனுமதி இல்லை’ என்பார்கள். மிஸ்ஸிடம் சண்டை போடாமல், கைக்குட்டை அளவு ஒரு துண்டை யூனிபார்ம் பாக்கெட்டில் வைக்கலாமா என்று கேளுங்கள். முதல் சில வாரம் பையிலோ பாக்கெட்டிலோ இருந்தால் போதும். விளையாட்டு சூடு பிடித்ததும் அதை மறந்துவிடுவாள், தூங்கும் நேரத்திலும் விழுந்து அடிபட்டாலும் மட்டும் தேடுவாள். வீட்டிலும் அப்படித்தான் சுருங்கும். முதலில் தெருவுக்கு வராது, பிறகு ஹாலுக்கு வராது, கடைசியில் தலையணைக்குப் பக்கத்தில் மட்டும். எப்போது என்று தேதி வைக்காதீர்கள். பல பிள்ளைகள் நாலிலிருந்து ஆறு வயதுக்குள் விட்டுவிடுகிறார்கள், சிலர் கல்லூரி விடுதிக்கும் எடுத்துப் போகிறார்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. அதற்காக ஏக்கமும் இருக்காது என்றார் வினிகாட். மறக்கப்படுவதும் இல்லை, துக்கம் அனுசரிக்கப்படுவதும் இல்லை, வெறுமனே அர்த்தம் இழக்கிறது.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது துணிக்காக இல்லை, வேறு சில அறிகுறிகளுக்காக. ஆர்ப்பாட்டம் பெரும்பாலும் 25 நிமிடத்தைத் தாண்டினால், தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, தன்னையே கடிப்பது போல் காயப்படுத்திக்கொண்டால், ஒரே நாளில் ஐந்து முறைக்கு மேல் என்று பல நாள் தொடர்ந்தால், எவ்வளவு நேரம் ஆனாலும் தானாக அடங்கவே முடியாவிட்டால் காட்டிவிடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, பேச்சு வராதது, கண்ணுக்குக் கண் பார்க்காதது, பொம்மையைப் பொம்மையாக வைத்து விளையாடாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது இவற்றோடு சேர்ந்து ஒரு பொருளை விடாமல் பிடித்திருந்தாலும் காட்டுங்கள். பொருளைப் பிடித்திருப்பது மட்டும் எதற்கும் அறிகுறி இல்லை. தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. (District Early Intervention Centre) என்ற மாவட்ட மையங்கள் இருக்கின்றன. வளர்ச்சிப் பரிசோதனையும் தெரபியும் அங்கே இலவசம். அங்கே போகும் நாளில் தூளாவையும் எடுத்துப் போங்கள். காத்திருக்கும் வரிசை நீளமாக இருக்கும்.